‘உனக்கு எதில் ஆர்வம்?’ – தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளும் தொழில் வழிகாட்டலின் மௌனங்களும்

பொதுத்தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் நீலகிரியின் பள்ளி அரங்குகளில் ஒரு வினா ஒலிக்கத் தொடங்கிவிடும்: ‘உனக்கு எதில் ஆர்வம்?’ உதகையில் விடுதிப் பள்ளியொன்றில் பயிலும் செல்வர் வீட்டுப் பிள்ளையிடமும், சேரம்பாடியில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து நடந்து வரும் தலித் மாணவியிடமும் அதே வினாதான் கேட்கப்படுகிறது. வினா ஒன்றாக இருப்பதாலேயே அது சமத்துவமான வினா ஆகிவிடுமா?

தமிழ்நாட்டில் தொழில் வழிகாட்டல் இன்று அரசின் கொள்கையாகியிருக்கிறது. 2022 மார்ச் 1 அன்று ‘நான் முதல்வன்’ திட்டம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகள் மாவட்டந்தோறும் நடந்தன. உயர்கல்வியில் சேராது விடுபட்டவர்களைத் தேடிச் செல்லும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் பின்தொடர்ந்தன. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு நாட்டமறித் தேர்வுகளும் நடத்தப்பட்டுள்ளன. எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு உள்ளது, எந்த நுழைவுத் தேர்வுக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்ற செய்தியே ஒருவகை மூலதனம். தலைமுறை தலைமுறையாக அது எவருடைய வீட்டுக் கூடத்தில் குவிந்திருந்தது என்பதை நாம் அறிவோம். அதனை அரசுப் பள்ளி வகுப்பறைக்குக் கொண்டுவருவது வரவேற்கத்தக்க செயல். இக்கட்டுரையின் நோக்கம் அதனை மறுப்பதன்று. அவ்வழிகாட்டலின் அடியில் கிடக்கும் கோட்பாடுகள் எவற்றைக் காண்கின்றன, எவற்றைக் காணாது விடுகின்றன என்று கேட்பதே.

பாஸ்டனிலிருந்து வந்த மூன்று படிகள்

நவீன தொழில் வழிகாட்டலின் தொடக்கம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். அங்கு 1908-ஆம் ஆண்டில் பிராங்க் பார்சன்ஸ் ஓர் ஆலோசனை நிலையத்தைத் தொடங்கினார். அவர் மறைந்த பின், 1909-இல், அவருடைய நூல் வெளிவந்தது. அவர் வகுத்த வழி எளியது: உன்னை அறிந்துகொள், தொழில்களை அறிந்துகொள், இரண்டையும் பகுத்தறிவால் பொருத்து. பார்சன்ஸ் ஒரு சமூகச் சீர்திருத்தவாதி. புலம்பெயர்ந்தோர், உழைக்கும் இளைஞர் ஆகியோர் மீது அக்கறை கொண்டவர். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த அக்கறையை உதறிவிட்டுப் பொருத்தும் நுட்பத்தை மட்டும் வளர்த்தெடுத்தனர்.

அந்நுட்பத்தின் முதிர்ந்த வடிவம் ஜான் ஹாலண்ட் 1959-இல் முன்வைத்த கோட்பாடு. மனிதர்களையும் பணிச்சூழல்களையும் அவர் ஆறு வகையாகப் பிரித்தார்: செய்முறை நாட்டம், ஆய்வு நாட்டம், கலை நாட்டம், சமூகப்பணி நாட்டம், முனைவு நாட்டம், ஒழுங்குமுறை நாட்டம். உலகெங்கும் இன்று புழங்கும் ஆர்வ வினாப்பட்டியல்கள் பலவற்றில் இவ்வகைப்பாட்டின் சாயலைக் காணலாம். டொனால்ட் சூப்பர் இதற்குக் காலத்தின் பரிமாணத்தைச் சேர்த்தார். வளர்ச்சி, தேடல், நிலைபெறல், பேணல், விலகல் என்று வாழ்வைக் கட்டங்களாக்கி, ஏறத்தாழ 14 வயது முதல் 24 வயது வரை தேடலின் பருவம் என்றார்.

இக்கோட்பாடுகள் பொய் என்று கூறவில்லை. ஆனால் அவை ஒன்றை முன்னரே கொடுக்கப்பட்டதாகக் கொள்கின்றன: தேர்வு செய்பவர் தனிமனிதர், அவர் முன் வாயில்கள் திறந்திருக்கின்றன, எதில் நுழைவது என்பதே சிக்கல். நீலகிரித் தோட்டத்துப் பிள்ளையின் வரலாற்றில் இம்மூன்றுமே வேறுவிதமாக இருந்திருக்கின்றன.

12 வயதில் முடிந்த தேடல்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நீலகிரி மாவட்ட மக்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். மாநில அளவில் இது 20 விழுக்காடு. தமிழ்நாட்டில் திருவாரூருக்கு அடுத்தபடியாக மிகுந்த விகிதம் இதுவே. நாடாளுமன்றத் தொகுதியும் கூடலூர்ச் சட்டமன்றத் தொகுதியும் தனித்தொகுதிகள். சுற்றுலா விளம்பரங்களில் பூங்காக்களாகவும் மலை இரயிலாகவும் காட்சிதரும் நீலகிரி, உழைப்பின் கண்கொண்டு பார்த்தால் ஒரு தலித் மாவட்டம்.

இம்மக்களில் கணிசமானோர் தாயகம் திரும்பிய மலையகத் தமிழரும் அவர்தம் வழித்தோன்றல்களும். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கு வாழ விருப்பம் என்று அம்மக்களிடம் கேட்டு எழுதப்பட்ட ஒப்பந்தமன்று அது. திரும்பியவர்களின் மறுவாழ்வுக்காக 1968-இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. 1976 முதல் அது குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக, மக்கள் வழக்கில் ‘டேன்டீ’யாக, இயங்குகிறது. இலங்கையில் கொழுந்து பறித்தவருக்கு இந்தியாவிலும் கொழுந்து பறிக்கும் பணி. மறுவாழ்வு என்ற சொல்லுக்கு அரசு கண்ட பொருள், பழைய தொழிலையே புதிய மலையில் தொடர்வது.

பிள்ளைகளின் கல்வியை அன்றைய சட்டம் எப்படிக் கண்டது? 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயதுவரை உள்ள தொழிலாளர் பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால் கல்வி வசதி செய்து தரும்படி நிர்வாகத்தைப் பணிக்கும் விதிகளை மாநில அரசுகள் இயற்றலாம் என்றது. அதே சட்டம், தொடக்கத்தில், 12 வயது நிறையாத குழந்தையைத் தோட்டவேலைக்கு அமர்த்தலாகாது என்றது. இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படியுங்கள். 12 வயதுவரை பள்ளி, அதன்பின் கூடை. சூப்பர் கூறிய தேடல் பருவம் தொடங்கும் முன்னரே தோட்டத்துப் பிள்ளையின் தேடலைச் சட்டம் முடித்துவைத்திருந்தது. பின்னாளில் குழந்தை உழைப்புத் தடைகளும் கல்வி உரிமைச் சட்டமும் வந்து நிலை மாறியது உண்மை. எனினும் இன்று 10-ஆம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் பாட்டி அந்த 12 வயதுச் சட்டத்தின் கீழ் வளர்ந்தவர் என்பதை வழிகாட்டும் ஆசிரியர் மறந்துவிடக் கூடாது.

ஆர்வம் எங்கே பிறக்கிறது?

1981-இல் லிண்டா காட்ஃபிரட்சன் முன்வைத்த கோட்பாடு நமக்கு ஓரளவு நெருக்கமானது. பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதைவிட, தமக்குரியதன்று என்று தொழில்களைத் தள்ளிவிடுவதே முதலில் நிகழ்கிறது என்றார் அவர். 3 முதல் 5 வயதில் பெரியவர், சிறியவர் என்ற வலிமை வேறுபாட்டைக் குழந்தை உணர்கிறது. 6 முதல் 8 வயதில் ஆண்வேலை, பெண்வேலை என்று பிரிக்கக் கற்கிறது. 9 முதல் 13 வயதில் சமூக மதிப்பின் ஏணியைக் கண்டுகொண்டு, தனக்கு எட்டாதவற்றை நீக்கிவிடுகிறது. தன் தனித்த ஆர்வத்தைப் பற்றி எண்ணத் தொடங்குவது 14 வயதுக்குப் பின்னரே. அதற்குள் பட்டியல் சுருங்கிவிடுகிறது.

இதனைத் தோட்டத்தில் வைத்துப் பாருங்கள். மேட்டில் பங்களா; அதற்குக் கீழே அலுவலர் குடியிருப்பு; பள்ளத்தில் லைன் வீடுகள். துரை, கண்டக்டர், மேஸ்திரி, கொழுந்து பறிக்கும் பெண்கள் என்ற அடுக்கு, வீடுகள் அமைந்திருக்கும் உயரத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. தராசில் கொழுந்து நிறுக்கப்படும்போது எடையை எழுதுபவர் யார், கூடையை இறக்கிவிட்டு நிற்பவர் யார் என்பதைக் குழந்தை நாள்தோறும் காண்கிறது. பறிப்பவர் பெண், மேற்பார்வையிடுபவர் ஆண் என்பதும் கண்ணெதிரே நிகழும் பாடம். காட்ஃபிரட்சன் கூறும் மூன்று கட்டங்களையும் வெளியுலகத்தின் உதவியின்றித் தோட்டமே நடத்தி முடித்துவிடுகிறது. அவர் கூறாதது ஒன்றுண்டு: இந்த ஏணிக்குச் சாதி என்று பெயர்.

இந்நிலையில் 14 வயதில் வைக்கப்படும் ஆர்வத் தேர்வு எதனை அளக்கிறது? ஆய்வகத்தையே காணாத பிள்ளை ஆய்வு நாட்டத்தில் குறைந்த மதிப்பெண் பெறலாம். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொண்டு வளர்ந்த பெண்பிள்ளை பிறரைப் பேணும் பணியில் உயர்ந்த மதிப்பெண் பெறலாம். அவ்வளவில், அது அளப்பது இயல்பான நாட்டத்தையன்று, கிடைத்த அனுபவத்தை. அம்மதிப்பெண்ணை இயல்பு என்று கொண்டு, உனக்கு விடுதிப் பராமரிப்புப் பயிற்சி பொருந்தும், உதகையில் தங்கும் விடுதிகள் மிகுதி என்று பரிந்துரைத்தால், ஒடுக்குமுறை விட்டுச்சென்ற தழும்பை ஆளுமை என்று எழுதிவிடுகிறோம்.

அண்ணலின் வாழ்வு சொல்லும் மறுப்பு

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமன்று, வேலை செய்பவர்களையே படிநிலையில் பிரித்துவைக்கும் ஏற்பாடு என்று அண்ணல் அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் விளக்கினார். தனிமனிதரின் திறனோ விருப்போ அங்கே பொருட்டன்று; பெற்றோரின் நிலையே தொழிலை முன்கூட்டி விதித்துவிடுகிறது என்பது அவருடைய வாதம். தொழில் வழிகாட்டல் துறை தன் பாடநூலின் முதல் இயலில் வைக்க வேண்டிய கருத்து இது.

அவருடைய வாழ்வே பொருத்தக் கோட்பாட்டுக்கு ஒரு சோதனை. கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்றுவிட்டு 1917-இல் பரோடா அரசின் பணியில் சேர்ந்தார். தகுதி, அறிவு, ஆர்வம், பதவி என அனைத்தும் பொருந்தியிருந்தன. ஆயினும் அலுவலகக் கடைநிலை ஊழியர்கள் கோப்புகளை அவர் மேசைமீது வீசினர். குடிநீர் எட்டவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியேந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். வேலையை விட்டு மும்பை திரும்பினார். 1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோதும் ஆசிரியர் அறையின் தண்ணீர்ப் பானை சிக்கலாயிற்று. மனிதரையும் தொழிலையும் பொருத்திவிட்டால் போதும் என்பவர்கள் இதற்கு என்ன விடை வைத்திருக்கிறார்கள்?

இது கடந்த காலக் கதை என்று தள்ளவும் இயலாது. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. உயர்சாதி இந்துப் பெயருடன் ஒப்பிடுகையில், தலித் பெயருக்கு அழைப்பு கிடைக்கும் வாய்ப்பு விகிதம் 0.67 மட்டுமே. அஸ்வினி தேஷ்பாண்டேயும் கேத்தரின் நியூமனும் அதே ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வேலைக்கான நேர்காணல்களில் குடும்பப் பின்னணி பற்றிய வினா தலித் பட்டதாரிகளை எவ்வாறு வடிகட்டுகிறது என்று காட்டியது. தமிழ்நாட்டில் பெயரின் பின்னே சாதி ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. ஆனால் ‘சொந்த ஊர் எது, அப்பா என்ன வேலை?’ என்ற இரண்டு வினாக்களே போதும். ‘தோட்டத்தில் வேலை’ என்ற விடை அறையில் உண்டாக்கும் மௌனத்தை நம்மில் பலர் அறிவோம்.

வாயில்களைப் பற்றிய கோட்பாடு

கென் ராபர்ட்ஸ் என்ற பிரித்தானியச் சமூகவியலாளர் 1960-களின் இறுதியிலேயே இதனை வேறு கோணத்தில் கூறிவிட்டார். பெரும்பாலான இளைஞர்கள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதில்லை, கிடைப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். தீர்மானிப்பது ஆர்வமன்று, வாய்ப்புகளின் கட்டமைப்பு என்றார்.

நீலகிரியின் வாய்ப்புக் கட்டமைப்பு எப்படி இருக்கிறது? 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் உதகையில் ஒரு தலைமுறைக்குப் பொதுத்துறை வேலை கொடுத்தது. அது நலிந்து மூடப்பட்டது. அதனுடன் இட ஒதுக்கீட்டின் ஒரு வாயிலும் மூடியது. 2022-இல் டேன்டீயின் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறையிடம் ஒப்படைக்க அரசாணை வெளியானபோது தோட்டங்களில் எழுந்த போராட்டம் வேலைக்காக மட்டும் எழுந்ததன்று, வீட்டுக்காகவும் எழுந்தது. தோட்டத்தில் வீடு என்பது வேலையோடு பிணைக்கப்பட்டது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடும்பத்தில் ஒருவர் தோட்டப் பணியில் தொடர்ந்தால் கூரை தங்கும்.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். செவிலியராக விரும்புகிறார், மதிப்பெண்ணும் இருக்கிறது. தாய்க்கு இன்னும் இரண்டு ஆண்டுகளில் ஓய்வு. மகள் தோட்டத்தில் பெயர் பதிந்தால் வீடு நிலைக்கும். கோயம்புத்தூருக்குப் படிக்கச் சென்றால் பெற்றோர் தெருவில் நிற்க நேரலாம். அவரிடம் சென்று ‘உன் கனவைத் துரத்து’ என்று எந்த ஆலோசகர் கூறுவார்? அவருக்குத் தேவை ஆளுமைத் தேர்வன்று, வேலையிலிருந்து பிரிக்கப்பட்ட ஒரு வீட்டுமனைப் பட்டா.

2024-இல் மாஞ்சோலையில் நிகழ்ந்தது இதே பிணைப்பின் மறுமுகம். 1929-இல் தொடங்கிய 99 ஆண்டுக் குத்தகை 2028-இல் முடியும் முன்னரே நிறுவனம் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வை அறிவித்தது. பெரும்பாலும் தலித்துகளான அக்குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒருசேர இழக்கும் நிலைக்கு வந்தன. தலைமுறைகளாக ஒரே தொழிலில் நிறுத்திவைக்கப்பட்டவர்களிடம், அத்தொழிலே நாளை இல்லை என்று ஒரு நாள் அறிவிக்க முடிகிறது.

இன்னும் சிறிய தடைகளும் உண்டு. சிறியவை என்பது தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு. கூடலூர் ஜென்ம நிலங்கள் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுக்குள் அகப்பட்ட நிலங்களில் பட்டாவும் மின்னிணைப்பும் பெறுவது நெடுங்காலப் போராட்டமாக இருக்கிறது. தாயகம் திரும்பியோரின் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் பெறப் பட்ட அலைக்கழிப்பு பல குடும்பங்களின் கதை. சான்றிதழ் இல்லையேல் 18 விழுக்காட்டு ஒதுக்கீடும் இல்லை. அருந்ததியருக்கான 3 விழுக்காட்டு உள் ஒதுக்கீடும் இல்லை. கல்வி உதவித்தொகையும் இல்லை. நாட்டமறித் தேர்வில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் வந்தாலும் அத்தாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் செல்லாது.

குலக்கல்வியின் புதிய முகம்

தமிழ்நாடு இவ்விவாதத்தை முன்னரே நடத்திவிட்ட மாநிலம். 1953-இல் இராஜாஜி அரசு பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றது. தந்தை பெரியார் அதனைக் குலக்கல்வி என்று அடையாளம் காட்டினார். போராட்டம் வென்றது. 1954-இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார். 2023-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் நிபந்தனையைச் சுட்டிக்காட்டி, அன்றைய வடிவில் அதனைச் செயல்படுத்த இயலாது என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு எழுதியதும் அம்மரபின் தொடர்ச்சியே.

ஆனால் குலக்கல்வி எப்போதும் அரசாணையாக வருவதில்லை, அறிவுரையாகவும் வரும். ‘உன் குடும்ப நிலைமைக்கு இந்தக் குறுகிய காலப் பயிற்சியே போதும்’, ‘பெண்பிள்ளை, பக்கத்திலேயே படிக்கட்டும்’, ‘நகராட்சியில் தூய்மைப் பணியில் இருக்கும் அப்பாவின் வேலை வாரிசுக்குக் கிடைக்குமே’ – இவை அன்போடு கூறப்படும் சொற்கள். நடைமுறை அறிவு போலவே ஒலிக்கின்றன. பலமுறை கூறப்படும்போது அவை 1953-இன் வேலையைச் செய்து முடிக்கின்றன.

என்ன செய்ய வேண்டும்?

1994-இல் லென்ட், பிரவுன், ஹேக்கெட் மூவரும் ஆல்பர்ட் பந்தூராவின் சிந்தனையை அடியொற்றி ஒரு கோட்பாட்டைத் தந்தனர். என்னால் முடியும் என்ற நம்பிக்கை தானாக முளைப்பதில்லை. செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்றவர் வென்றதைக் காண்பது, ஊக்கச் சொல், அச்சமற்ற மனநிலை ஆகியவற்றிலிருந்து அது பிறக்கிறது. இந்தியச் சூழலில் கிதியோன் அருள்மணியும் பிறரும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, உயர்நிலைப் பள்ளி மாணவரின் தொழில் பற்றிய நம்பிக்கைகள் குடும்பத்தின் பொருளாதார நிலையோடு தொடர்புடையவை என்று காட்டியது. டேவிட் பிளஸ்டீனும் ரயான் டஃபியும் பிறரும் 2016-இல் முன்வைத்த கோட்பாடு மேலும் ஓரடி செல்கிறது. வறுமையும் சமூக ஒதுக்கலும் தேர்ந்தெடுக்கும் ஆற்றலையே பறிக்கின்றன என்றும், அவற்றை எதிர்கொள்ளத் துணைபுரிபவற்றுள் ஒன்று தன்னை ஒடுக்கும் கட்டமைப்பைப் புரிந்துகொள்ளும் விமர்சன உணர்வு என்றும் அது கூறுகிறது. ‘கற்பி’ என்று அண்ணல் சொன்னதன் நெடுநாள் பொருளை உளவியல் தாமதமாக வந்தடைந்திருக்கிறது.

எனவே நம் கோரிக்கைகள் இரு தளத்தவை. வாயில்களைத் திறக்கும் கோரிக்கைகள் முதலில். தோட்டத் தொழிலாளரின் வீட்டுரிமையை வேலையிலிருந்து பிரிக்க வேண்டும். ஓய்வு பெறுவோருக்குப் பட்டாவுடன் வீடு வேண்டும். 9-ஆம் வகுப்புக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் சாதிச் சான்றிதழ் பள்ளியிலேயே கிடைக்க முகாம்கள் வேண்டும். கோவை, சென்னை ஆகிய கல்வி நகரங்களில் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் மலைப்பகுதிப் பெண்பிள்ளைகளுக்கு இடம் உறுதியாக வேண்டும்.

அடுத்து, வழிகாட்டலையே மாற்றும் கோரிக்கைகள். ஆர்வத் தேர்வு 14 வயதில் வரலாம். ஆய்வகமும் நூலகமும் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் 9 வயதிலேயே காட்டப்பட வேண்டும். தேர்வின் முடிவை இறுதித் தீர்ப்பாகக் கருதாது, பிள்ளைக்கு எந்த அனுபவம் மறுக்கப்பட்டது என்று அறியும் கருவியாகப் படிக்க ஆசிரியருக்குப் பயிற்சி தர வேண்டும். வழிகாட்டிப் பாடநூலில் இட ஒதுக்கீடு, உதவித்தொகை, பணியிடப் பாகுபாடு, தொழிற்சங்க உரிமை ஆகியவை இடம்பெற வேண்டும். நேர்காணலில் ‘அப்பா என்ன வேலை?’ என்று கேட்கப்பட்டால் தலைகுனியாது விடை சொல்லும் துணிவும் அப்பாடத்தின் பகுதியே. ஏனெனில் நாம் எதிர்ப்பது கொழுந்து பறிக்கும் உழைப்பையன்று. அவ்வுழைப்பு இம்மலையின் பொருளாதாரத்தைச் சுமந்து நிற்கிறது. உரிய கூலியும் மதிப்பும் அதற்கு வேண்டும். பிறப்பால் அது ஒருவர்மீது சுமத்தப்படுவதையே எதிர்க்கிறோம்.

கல்லூரி மாணவத் தோழர்களுக்கு ஒரு சொல். லைன் வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த நீங்களே அப்பிள்ளைகள் காணக்கூடிய முதல் சான்று. விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் சேர்க்கைக் கடிதத்தையும், உதவித்தொகைக்கு விண்ணப்பித்த வழியையும், நீங்கள் செய்த பிழைகளையும் அவர்களிடம் எடுத்துச் செல்லுங்கள். ‘உனக்கு எதில் ஆர்வம்?’ என்று கேட்பதற்கு முன் ‘உன்னைத் தடுப்பது எது?’ என்று கேளுங்கள். விடையைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அதில் சில மாணவருக்குரிய அறிவுரையாகும். மீதம் அரசுக்குரிய கோரிக்கை மனுவாகும்.